குதித்து இறங்கும் ஏடிவிக்கு எந்த ஷாக்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது 2004ஆம் ஆண்டின் ஹோண்டா டிஆர்எக்ஸ்400இஎக்ஸ் என்ற ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி. தலைக்கவசம், பூட்ஸ், மார்புக் காப்பு எல்லாம் அணிந்தால் உங்கள் எடை 95 கிலோ. வார இறுதிகளில் மோட்டோகிராஸ் தடத்தில் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள, உச்சி தட்டையான டேபிள் டாப் மேடுகளைத் தாண்டுகிறீர்கள். இறங்கும்போது முன்பக்கம் ‘டம்’ என்று அடிதட்டுகிறது, அதாவது ஷாக் (அதிர்வுதாங்கி) முழுவதும் சுருங்கி எல்லையில் முட்டுகிறது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் ப்ரீலோடைக் கடைசிப் படிவரை ஏற்றியும் சரியாகவில்லை. முன் சக்கரங்களைச் சட்டகத்தோடு இணைக்கும் ஏ-ஆர்ம்களில் இரண்டு அங்குலம் அகலமானவற்றையும் வாங்கப் போகிறீர்கள். தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய பழைய ரிசர்வாயர் (தனி எண்ணெய்க் கலன்) ஷாக் ஜோடியைத் தருகிறேன் என்கிறார். எந்த நிறுவனத்தின் ஷாக் நல்லது, அந்தப் பழைய ஜோடியை வாங்கலாமா என்பதே நீங்கள் கேட்டது.

நிறுவனப் பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஷாக் விற்கும் நல்ல நிறுவனங்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பல இருக்கின்றன. அவற்றுள் எதை வாங்கினாலும், உங்கள் எடைக்கும் வண்டியின் அளவுகளுக்கும் பொருந்தாத ஸ்பிரிங்கும், எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்விங்கும் அதற்குள் இருந்தால், இப்போது இருப்பதைவிட மோசமான வண்டியைத்தான் விலை கொடுத்து வாங்கியிருப்பீர்கள். நானே அப்படி ஒருமுறை வாங்கியிருக்கிறேன். மணல்மேடுகளில் ஓட்டிய, என்னைவிட முப்பது கிலோ கூடுதலான ஒருவருக்காக அமைக்கப்பட்ட ஷாக்குகள் அவை. பெட்டியைத் திறந்தபோது அவற்றின் பளபளப்பைப் பார்த்து மகிழ்ந்தது நினைவிருக்கிறது. முதல் மேட்டிலேயே வண்டி என்னைப் பந்தைப் போல எகிற வைத்தது.

உங்கள் வண்டியின் நிலையிலிருந்து தொடங்குவோம். 400இஎக்ஸ் 1999ஆம் ஆண்டு மாடலாகச் சந்தைக்கு வந்தது. காற்றால் குளிரும் 397 சிசி என்ஜினும் எஃகுச் சட்டகமும் கொண்ட, எளிதில் பழுதாகாத வண்டி என்று அது பெற்ற பெயர் நியாயமானதே. ஆனால் அதன் முன் ஷாக்குகளில் நாம் மாற்றக்கூடியது ஐந்து படிகள் கொண்ட ப்ரீலோட் மட்டும்தான். சுருங்கும் வேகத்தையோ மீளும் வேகத்தையோ வெளியிலிருந்து மாற்ற அவற்றில் வழி கிடையாது. முன் சக்கரத்தின் பயணம் 8.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 216 மில்லிமீட்டர். பின் சக்கரத்துக்கு 9.1 அங்குலம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், மோட்டோகிராஸை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டு 2009இல் வந்த யமஹா ஒய்எஃப்இசட்450ஆரில் இது முன்னே 9.8, பின்னே 11 அங்குலம். அதன் ஷாக்குகளில் விரைவு கம்ப்ரெஷன், மெது கம்ப்ரெஷன் (சுருங்குவது), ரீபவுண்ட் (மீள்வது) என்ற மூன்றையும் தனித்தனியே திருத்திக்கொள்ளலாம். இரண்டு வண்டிகளுக்கும் இடையே இருக்கும் இந்த இடைவெளியில் ஒரு பகுதியைத்தான் பணம் கொடுத்துக் குறைக்க முடியும்.

இப்போது இறங்கும் கணம். உங்களையும் சேர்த்து வண்டியின் மொத்த எடை 275 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான நிலத்தில் விழுந்தால், தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு 6.3 மீட்டர், அடக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 5,400 ஜூல். இதை 20 சென்டிமீட்டர் சக்கரப் பயணத்துக்குள் அடக்க வேண்டுமென்றால், அந்தத் தூரம் முழுவதும் சராசரியாக வண்டி எடையைப் போலப் பதினொரு மடங்கு விசை, அதாவது மூன்று டன், எதிர்த்து நிற்க வேண்டும். டயர்களும் உங்கள் முழங்கால்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். இருந்தாலும் பெரும்பங்கு ஷாக்கின் தலையில்தான் விழுகிறது.

இதில் ஸ்பிரிங் எவ்வளவை விழுங்குகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். இத்தகைய வண்டியில் வழக்கமாக இருக்கக்கூடிய கடினத்தை எடுத்துக்கொண்டு, நீங்கள் அமர்ந்திருக்கும் நிலையிலிருந்து முழுச் சுருக்கம்வரை நான்கு சக்கரங்களின் ஸ்பிரிங்குகளும் சேர்ந்து சேமிக்கும் ஆற்றலைத் தோராயமாகப் போட்டால் 700 ஜூல் அளவில்தான் வருகிறது. 5,400இல் எட்டில் ஒரு பங்கு. மீதியை ஷாக்கின் உள்ளே எண்ணெய் தன் சிறு துளைகள் வழியே பிதுங்கி வெப்பமாக மாற்ற வேண்டும், இல்லையேல் கடைசியில் இருக்கும் ரப்பர் தடையும் சட்டகமும் உங்கள் முதுகும் வாங்கிக்கொள்ள வேண்டும். எனவே அடிதட்டும் வண்டிக்குக் கடினமான ஸ்பிரிங் போட்டால் போதும் என்று சொல்பவர் பாதி மருந்தைத்தான் சொல்கிறார். வண்டியைச் சரியான உயரத்தில் தாங்கி நிறுத்துவதுதான் ஸ்பிரிங்கின் முதல் வேலை. விழும் ஆற்றலை அடக்குவது கம்ப்ரெஷன் டேம்பிங்கின், அதாவது சுருங்கும்போது எண்ணெய் தரும் எதிர்ப்பின், வேலை.

இறங்குசரிவில் இறங்குவது ஏன் மென்மையாக இருக்கிறது என்பதும் இதே கணக்கில் அடங்கும். சரிவின் பரப்புக்குச் செங்குத்தாக இருக்கும் வேகத்தை மட்டுமே ஷாக் அடக்க வேண்டியிருக்கிறது. அந்த வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். நீங்கள் சொல்லும் 12 மீட்டர் டேபிள் டாப்பில் முழுத் தூரமும் கடந்து சரிவில் இறங்குகிறீர்களா, அல்லது தொலைவு போதாமல் மேட்டின் தட்டையிலேயே விழுகிறீர்களா என்பதை நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து முறை தாண்டினால் எட்டு முறை தட்டையில் விழுபவருக்கு உலகின் எந்த ஷாக்கும் முழு நிவாரணம் தராது.

ப்ரீலோடைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். ப்ரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் சுருக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது அந்தக் கம்பியின் தடிமனையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் பொறுத்தது. திருகினால் அது மாறாது. திருகுவதால் வண்டி உயர்ந்து நிற்கிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவு விசை கூடுதலாகச் சேர்கிறது. அதனால் அடிதட்டுவது கொஞ்சம் குறைந்தது போலத் தோன்றும். ஆனால் அதற்கு ஈடாகச் சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த பயணம் போய்விடுகிறது, வளைவில் வண்டி உயரமாக நின்று உட்சக்கரத்தைத் தூக்குகிறது, சுருங்கிய ஸ்பிரிங் இன்னும் வலுவாக மீள்கிறது. உங்கள் முன் ஷாக்குகளில் ரீபவுண்டைத் திருத்த வழி இல்லாததால், கடைசிப் படியில் வைத்த ப்ரீலோடு வண்டியை எகிற வைப்பதில்தான் முடியும். முதலில் அதை நடுப்படிக்கு இறக்குங்கள்.

வாங்குவதற்கு முன் எடுத்துவைக்க வேண்டிய முதல் அளவு, வண்டி எவ்வளவு அமிழ்கிறது என்பது. முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரங்கள் முழுமையாகத் தொங்கும் நிலையில் சக்கர அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே இருக்கும் ஒரு புள்ளிக்கு உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழுக் கவசங்களுடன், ஓட்டும்போது நிற்பதைப் போலவே கால்வைப்பானில் நின்றுகொண்டு, ஒருவரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டின் வித்தியாசம் மொத்தப் பயணத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருப்பது தொடங்குவதற்கு நல்ல இடம்; உங்கள் முன்பக்கத்துக்கு அது 55 முதல் 70 மில்லிமீட்டர். ப்ரீலோடு நடுப்படியில் இருக்க, 90 மில்லிமீட்டர் அமிழ்கிறது என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மையானது என்பதில் ஐயமில்லை. 60இல் நிற்கிறது, ஆனாலும் இறங்கும்போது அடிதட்டுகிறது என்றால் குறை டேம்பிங்கில் இருக்கிறது. கால் மணி நேர வேலை இது. ஆயிரம் டாலர் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்யாதவர்களே அதிகம்.

அகலமான ஏ-ஆர்ம்களை வாங்கப் போவதாகச் சொன்னீர்கள். இந்த இடத்தில்தான் நான் அதிகம் எச்சரிக்க விரும்புகிறேன். ஷாக்கின் கீழ்முனை, ஏ-ஆர்மின் நடுவில் எங்கோ ஓரிடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. சக்கரம் நகரும் தூரத்தில் ஒரு பங்கு மட்டுமே ஷாக் நகர்கிறது. எடுத்துக்காட்டாக ஆர்மின் நீளம் 380 மில்லிமீட்டர், ஷாக் பொருந்தும் இடம் உள்முனையிலிருந்து 210 மில்லிமீட்டர் என்று கொண்டால் அந்த விகிதம் 0.55. ஷாக்கின் சாய்வையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் குறையும். இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம். சக்கரத்தில் உணரப்படும் கடினம் இந்த விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஏனெனில் விசையும் தூரமும் இரண்டுமே அந்த விகிதத்தில் குறைகின்றன. ஷாக் பொருந்தும் இடத்தை மாற்றாமல் ஆர்மை மட்டும் இரண்டு அங்குலம் நீட்டினால் விகிதம் 0.49 ஆகிறது, வர்க்கத்தில் பார்த்தால் முன்பு 0.31 ஆக இருந்தது 0.24 ஆகிவிடுகிறது. அதாவது ஒரு ஸ்பிரிங்கையும் தொடாமலேயே முன்பக்கம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மென்மையாகிவிட்டது. இன்றே அடிதட்டும் வண்டி அன்று எப்படி நடந்துகொள்ளும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஆகவே ஏ-ஆர்மையும் ஷாக்கையும் ஒரே முடிவாக எடுங்கள். இரண்டு அங்குலம் அகலம், ஒரு அங்குலம் முன்னோக்கி என்று சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஆர்ம்கள் உங்களுக்குப் போதும். அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை பழைய நீளமுள்ள ஷாக்கையே ஏற்கும்; மற்றொன்று, நீள்பயணம் என்று சொல்லப்படுவது, ஷாக்கின் கீழ்முனையை வேறிடத்தில் வைத்து நீளமான ஷாக்கைக் கேட்கும். ஒன்றுக்கு வாங்கிய ஷாக் மற்றொன்றில் பொருந்தாது. பொருந்துவது போலத் தோன்றினால் அது இன்னும் ஆபத்து: ஷாக் முழுவதும் சுருங்குவதற்கு முன்பே பால் ஜாயிண்ட் எனும் பந்து மூட்டு தன் எல்லையில் முட்டி முறியும், அல்லது முழுவதும் நீளும்போது பிரேக் ஹோஸ் இழுபட்டுக் கிழியும். எந்த ஷாக்கை மாட்டினாலும் முதலில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் முழு எல்லைவரை நகர்த்திப் பாருங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பியும் இதைச் செய்ய வேண்டும். கடைசியில் நிற்க வைப்பது ஷாக்குக்குள் இருக்கும் தடையாகத்தான் இருக்க வேண்டும். டயர் மட்கார்டிலோ ஆர்ம் சட்டகத்திலோ முட்டி நிற்கக் கூடாது. இன்னொன்று, பந்தயத் தடத்தைத் தவிரக் காட்டுப்பாதைகளிலும் ஓட்டுபவரானால் மொத்த அகலத்தைக் கவனியுங்கள்: அமெரிக்க வனத்துறைப் பாதைகள் பலவற்றில் 50 அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமுள்ள வண்டிக்கு அனுமதி இல்லை.

ஷாக்கின் உள்ளமைப்புக்கு வருவோம். மலிவான மாற்று ஷாக்குகளில் எண்ணெயும் நைட்ரஜனும் ஒரே குழாயில் கலந்திருக்கும். எமல்ஷன் வகை என்பார்கள். குளிர்ந்திருக்கும்போது இவை நன்றாகவே வேலை செய்யும். தொடர்ந்து பதினைந்து இருபது நிமிடம் தடத்தில் சுற்றும்போது எண்ணெய் சூடாகி நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்கு எதிர்ப்பு குறைவு. முதல் சுற்றில் தாங்கிய மேடு எட்டாவது சுற்றில் அடிதட்டுவது இதனால்தான். தனி ரிசர்வாயர் உள்ள ஷாக்கில் ஒரு மிதக்கும் பிஸ்டனோ ரப்பர்ப் பையோ நைட்ரஜனை எண்ணெயிலிருந்து பிரித்துவைக்கிறது. எண்ணெயின் மொத்த அளவும் கூடுகிறது. குதிப்பதற்கென்று வாங்குபவர் ரிசர்வாயருக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரிசர்வாயர் உடலோடு ஒட்டியிருக்கிறதா, ஹோஸ் வழியே தள்ளி இருக்கிறதா என்பது பெரும்பாலும் இடவசதியைப் பொறுத்த விஷயம்தான்.

அடுத்தது திருத்தங்கள். மெது கம்ப்ரெஷன், விரைவு கம்ப்ரெஷன் என்ற சொற்களில் வரும் வேகம் வண்டியின் வேகம் அல்ல. ஷாக்கின் தண்டு உள்ளே போகும் வேகம். வளைவில் சாய்வதும், பிரேக் பிடிக்கும்போது மூக்கு தாழ்வதும், மேட்டின் ஏற்றத்தில் வண்டி அமிழ்வதும் மெது வகை. மேலே கணக்கிட்ட தட்டை இறக்கத்தில் சக்கரம் நொடிக்கு 6.3 மீட்டரில் மேலே தள்ளப்பட்டால், 0.55 விகிதத்தில் தண்டு நொடிக்கு ஏறத்தாழ 3.5 மீட்டரில் உள்ளே பாய்கிறது. அது விரைவு வகை. இரண்டுக்கும் ஒரே திருகு மட்டும் இருக்கும் ஷாக்கில், அடிதட்டாமல் இருக்க அதை இறுக்கினால் சிறு மேடுபள்ளங்களில் கைகள் மரத்துப்போகும். தனித்தனித் திருகுகளுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது உங்களைப் போல ஒரே தடத்தில் குதித்தும் குலுங்கியும் ஓட்டுபவருக்குப் பயன் தரும். எனினும் திருகுகளால் மாற்றக்கூடியது ஒரு குறுகிய எல்லைக்குள்தான். உள்ளே பிஸ்டன்மேல் அடுக்கப்பட்ட மெல்லிய எஃகுத் தகடுகள், ஷிம்கள் என்கிறோமே, அவற்றின் அடுக்குதான் ஷாக்கின் குணத்தைத் தீர்மானிக்கிறது. அந்த அடுக்கு உங்களுக்காக அமைக்கப்படவில்லை என்றால், எத்தனைத் திருகுகள் இருந்தாலும் வானொலியில் தவறான நிலையத்தை வைத்துக்கொண்டு ஒலியை மட்டும் கூட்டிக் குறைப்பது போலத்தான்.

ரீபவுண்டைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, ஆனால் குதிப்பதில் உயிரோடு தொடர்புடைய திருத்தம் அதுதான். மேட்டின் முகத்தில் ஏறும்போது வண்டி அழுத்தப்பட்டு முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்று உங்கள் ஏடிவியின் மூன்று ஷாக்குகளும் சுருங்குகின்றன. விளிம்பைக் கடந்ததும் அந்த அழுத்தம் விடுபட்டு அவை நீள்கின்றன. பின் ஷாக் முன்னதைவிட வேகமாக நீண்டால், அது வண்டியின் வாலை மேலே உதைத்துவிடும். மூக்கு தாழ்ந்த நிலையில் காற்றில் பறப்பீர்கள். கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படும் விபத்துகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன. பின் ஷாக்கின் ரீபவுண்டை மெதுவாக்கினால் இது அடங்கும். அதற்காக அளவுக்கு மீறி மெதுவாக்கினால், தொடர்ச்சியான சிறு மேடுகளில் ஒன்றிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்து, ஷாக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழேயே தங்கிவிடும். பிறகு பயணமே மிஞ்சாது. புதிய முன் ஷாக்குகளைப் பொருத்தியபின் பழைய பின் ஷாக்கோடு அவை ஒத்துப்போகின்றனவா என்பதை, பெரிய மேட்டுக்குப் போகும் முன், இடுப்பளவு உயரமுள்ள மேட்டில் பலமுறை பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங்குகளைப் பொறுத்தவரை, நல்ல முன் ஷாக்குகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அல்லது மூன்று ஸ்பிரிங்குகள் இருக்கும். தொடராக வைத்த இரண்டு ஸ்பிரிங்குகள் தனித்தனியே இருப்பதைவிட மென்மையாக நடந்துகொள்ளும்: மில்லிமீட்டருக்கு 15 நியூட்டனும் 20 நியூட்டனும் உள்ள இரண்டைத் தொடராக வைத்தால் சேர்ந்து வருவது 8.6 மட்டுமே. சிறு குலுக்கல்களுக்கு அந்த மென்மை உதவுகிறது. குறிப்பிட்ட தூரம் சுருங்கியதும் ஒரு வளையம் மென்மையானதைத் தடுத்து நிறுத்திவிடும். அதன்பின் 20 நியூட்டன் ஸ்பிரிங் மட்டும் வேலை செய்யும். இந்த வளையத்தின் உயரத்தை மாற்றிக் கடினம் எப்போது தொடங்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். குதிப்பவருக்கு இது சற்று முன்னதாகவே தொடங்கினால் நல்லது. ஸீரோ ப்ரீலோட் என்ற அமைப்பு இதையே இன்னும் ஒரு படி கொண்டுபோகிறது. மிகமிக மென்மையான மூன்றாவது ஸ்பிரிங் ஒன்று சக்கரத்தை முழு எல்லைவரை தொங்கவிடுகிறது, அதனால் தரையில் வண்டி தாழ்வாக நின்றாலும் காற்றிலிருந்து வரும்போது முழுப் பயணமும் கையிருப்பில் இருக்கும். நீள்பயண ஆர்ம்களோடு இது அருமையாகச் சேரும். சாதாரண ஆர்ம்களுக்கு நான் இதற்காகத் தனியாகச் செலவழிக்க மாட்டேன்.

ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஃப்ளோட் போன்ற காற்று ஷாக்குகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்பிரிங்கே இல்லாததால் எடை குறைவு. கைப்பம்பால் காற்றழுத்தத்தை மாற்றினால் போதும், வேறு எடையுள்ளவருக்கு வண்டி தயார். காற்று சுருங்கச் சுருங்க அதன் எதிர்ப்பு செங்குத்தாக ஏறுவதால் பயணத்தின் கடைசிப் பகுதியில் அடிதட்டாமல் காப்பதில் இவை கெட்டி. குறைகளும் உண்டு: சூடானால் அழுத்தம் கூடும், இறுக்கமான சீல்களால் மிகச் சிறு அசைவுகளில் தொடக்கத் தயக்கம் இருக்கும், சீல் பழுதானால் டேம்பிங்கோடு சேர்த்து வண்டியின் உயரமே போய்விடும். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வண்டியை ஓட்டும் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நீங்கள் ஒருவர் மட்டுமே ஓட்டுவதால் சுருள் ஸ்பிரிங் வகையே போதும்.

நிறுவனங்களைப் பற்றிச் சில வரிகள். கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த எல்கா, எளிய வகையிலிருந்து பந்தய வகைவரை ‘ஸ்டேஜ்’ எண்ணிட்ட வரிசைகளில் விற்கிறது. எண் கூடக் கூடத் திருத்தங்கள் கூடும். ஃபாக்ஸ் அமெரிக்க நிறுவனம். பெப், டிசிஎஸ், ஆக்சிஸ், வொர்க்ஸ் பெர்ஃபார்மன்ஸ் ஆகிய பெயர்களும் ஏடிவி பந்தய வட்டாரத்தில் நெடுங்காலமாகப் புழங்குபவை. பழைய சந்தையில் உங்கள் கண்ணில் படும். டென்னசியில் பாடகி லொரெட்டா லின்னின் பண்ணையில் நடக்கும் ஏடிவி மோட்டோகிராஸ் பந்தயத்தைப் பார்க்கப் போனால், ஹோண்டா 2014க்குப் பிறகு கைவிட்டுவிட்ட டிஆர்எக்ஸ்450ஆரைச் சட்டகத்திலிருந்து சஸ்பென்ஷன்வரை மாற்றியமைத்து ஓட்டிப் பந்தய வீரர் ஜோயல் ஹெட்ரிக் தேசியப் பட்டங்களை வென்றது எப்படி என்பது புரியும். அந்த வண்டிகளின் ஷாக்குகள் ஓட்டுபவரின் எடைக்கும் தடத்துக்கும் ஏற்றபடி திரும்பத் திரும்பப் பிரித்து அமைக்கப்படுபவை. நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தை எடைபோட நான் பார்ப்பதும் அதே விஷயம்தான். ஆர்டர் எடுக்கும்போது உங்கள் எடை, ஏ-ஆர்மின் வகை, பின் சக்கரங்களைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் நீளம், தாண்டும் மேடுகளின் அளவு ஆகியவற்றை விசாரிக்கிறார்களா, உங்கள் வீட்டிலிருந்து சில மணி நேரத் தொலைவில் அந்த ஷாக்கைப் பிரித்து நைட்ரஜன் நிரப்பித் தரக்கூடிய பட்டறை இருக்கிறதா என்ற இரண்டையும் கேளுங்கள். எதையும் விசாரிக்காமல் வண்டியின் மாடலை மட்டும் கேட்டு அனுப்பும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

பின் ஷாக்கை உடனே மாற்ற வேண்டுமா? உங்கள் வண்டியில் அவசியமில்லை. 400இஎக்ஸின் பின்பக்கத்தில் ப்ரோ-லிங்க் என்ற நெம்புகோல் இணைப்போடு வரும் ஒற்றை ஷாக், முன்னதைப் போல ஏழையானது அல்ல. 95 கிலோவுக்கு ஏற்ற ஸ்பிரிங்கும், எண்ணெய், சீல் மாற்றமும், வால்விங் மறு அமைப்பும் செய்தால் இந்த அளவுக் குதிப்புக்கு அது தாங்கும். புதிய பின் ஷாக்கின் விலையில் சிறு பங்குதான் செலவாகும். முன் ஜோடி, பின் ஒற்றை மூன்றையும் உயர்தரத்தில் புதிதாக வாங்கினால் இருபது வயதான இந்த வண்டியின் இன்றைய விலையையே அது தொட்டுவிடும். அந்தப் பணம் கையில் இருந்தால், பழைய ஒய்எஃப்இசட்450ஆர் ஒன்றைத் தேடுவதைப் பற்றியும் ஒருமுறை யோசியுங்கள்.

ஷாக்கை மாற்றும் நாளில் சட்டகத்தையும் பார்த்துவிடுங்கள். இத்தனை நாள் அடிதட்டிய வண்டியில், முன் ஷாக்குகளின் மேல்முனை பொருந்தும் காதுகளைச் சுற்றியும், ஏ-ஆர்ம் போல்ட்டுகள் நுழையும் இடங்களிலும் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருந்தால் உள்ளே எஃகில் விரிசல் இருக்கலாம். சுத்தமாகத் துடைத்து, வெளிச்சம் வைத்துப் பார்க்க வேண்டும். பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை-ராட் முனைகள், சக்கர பேரிங்குகளில் ஆட்டம் இருந்தால் அவையும் இதே வரிசையில் சேரும். ரிசர்வாயரை நீங்களே திறக்க முயல வேண்டாம். உள்ளே நைட்ரஜன் பல ஷாக்குகளில் 150 முதல் 200 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்கிறது.

புதியவை பொருத்தியபின் அமைக்கும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையத்தையோ ஜிப் டையையோ மாட்டிவிட்டால், எவ்வளவு தூரம் சுருங்கியது என்பதை அது காட்டிக்கொடுக்கும். எல்லாத் திருகுகளையும் நிறுவனம் சொன்ன நிலையில் வைத்துக்கொண்டு, அந்த நிலையை ஒரு தாளில் எழுதிவையுங்கள். முதலில் அமிழ்வை ப்ரீலோடால் சரிசெய்யுங்கள், பிறகு ரீபவுண்ட், கடைசியாகக் கம்ப்ரெஷன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டு கிளிக் அளவில் மாற்றி, அதே மேட்டை மூன்று முறை தாண்டிப் பாருங்கள். தடத்திலேயே கடுமையான இறக்கத்தில் வளையம் ஏறக்குறைய கடைசிவரை போனால் அது சரியான அமைப்பு. ஒருபோதும் கடைசிக்கு வராத ஷாக்கில் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பயணத்தில் ஒரு பகுதி வீணாகிறது. ஒரு சுற்றில் ஓரிருமுறை மெல்லத் தொடுவது குறையல்ல. ஒரு பருவத்துக்கு ஒரு முறையாவது எண்ணெயும் சீலும் மாற்றுங்கள், மணலிலும் சேற்றிலும் ஓட்டினால் அதற்கு முன்பே.

இனி அந்தப் பழைய ஜோடி. தருபவரிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: அவருடைய எடை என்ன, எந்த ஏ-ஆர்மோடு ஓட்டினார், கடைசியாக எப்போது பிரித்துச் சர்வீஸ் செய்யப்பட்டது, ஸ்பிரிங்குகளின்மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் என்ன. பிறகு தண்டை நகத்தால் வருடிப் பாருங்கள். குரோம் உரிந்தோ குழி விழுந்தோ இருந்தால் புதிய சீலும் சில வாரத்தில் கிழியும். சீலைச் சுற்றி எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால் அது சர்வீஸில் தீர்ந்துவிடும். ஷாக்கின் இரு முனைத் துளைகளுக்கு இடையே (கண்ணுக்குக் கண்) இருக்கும் நீளத்தையும் போல்ட் துளைகளின் அகலத்தையும் நீங்கள் வாங்கப் போகும் ஆர்ம் விற்பனையாளர் சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். அவர் எடை 85க்கும் 105 கிலோவுக்கும் இடையே இருந்து, ஆர்மின் வகையும் பொருந்தி, தண்டும் சுத்தமாக இருந்தால், சர்வீஸ் செலவையும் ஒரு ஜோடி ஸ்பிரிங்கின் விலையையும் கழித்துக்கொண்டு பேரம் பேசி வாங்கிவிடுங்கள். நீளம் பொருந்தவில்லை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.